களத்துக்கு ஒரு மூட்டை

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் திண்டிவனத்துக்கு வெளியே, கூட்டேரிப்பட்டு போகிற வழியில், தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு மனை கிடைத்தது. கிடைத்தது என்றால் சொந்தமாக இல்லை. அரசு நிறுவனம் ஒன்று விவசாயிகளிடமிருந்து நிலத்தை எடுத்து, மனை மனையாகப் பிரித்து, தொழில் செய்கிறவர்களுக்குத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்பது என்றதும் என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நம்ம பேரன் காலத்துக்கும் இருக்கும்டி" என்றார். அப்போது எங்களுக்குப் பிள்ளையே பிறந்திருக்கவில்லை.

அந்தத் தொண்ணூற்றொன்பது பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. பின்னால் இருந்த பக்கங்களில், எப்போதெல்லாம் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. தொழிலை நிறுத்தக் கூடாது, வேறு வேலைக்கு இடத்தைப் பயன்படுத்தக் கூடாது, யாருக்கும் உள்குத்தகைக்கு விடக் கூடாது. அவரும் படித்தார், நானும் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்ட மடையர்கள் என்று எங்களை யாரும் சொல்ல முடியாது. நாம் ஏன் அடுத்தவனுக்கு விடப்போகிறோம் என்று நினைத்தோம், அவ்வளவுதான்.

மயிலம், வல்லம் பக்கத்து விவசாயக் கிணறுகளுக்கு பிளாஸ்டிக் பைப் போடுகிற மெஷின் ஒன்று வாங்கினோம். அதற்காகத் திண்டிவனத்தில் இருந்த எங்கள் வீட்டை பேங்கில் அடமானம் வைத்தோம். என் மாமனார் கட்டிய வீடு. மனை போனால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் வீடு போகும். கணக்குத் தெரியாதவளுக்கும் விளங்குகிற விஷயம் இது. எனக்கு அன்றைக்கே விளங்கியது. மாதா படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, இந்த மனுஷன் ரொம்ப ஆடறார், நீ கொஞ்சம் பார்த்துக்கோ" என்று வேண்டிக்கொண்டேன்.

லாரி வந்து திரும்பவும் பைப்பை அடுக்கவும் ஷெட்டுக்கு முன்னால் நீளமாக சிமென்ட் தளம் போட்டோம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு வழவழப்பான தளம் வேறு கிடையாது. போட்ட மறு வருஷம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயத்தில், ஒரு விவசாயி கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரரைவிடக் கொஞ்சம் மூத்தவர். தொழிற்பேட்டைக்குப் பின்னால்தான் அவர் ஊர். உள்ளே வரச் சொன்னோம்.

"ரோட்டுல காய வெச்சா லாரிக்காரன் மேலயே ஏத்திக்கினு போயிடறான் மொதலாளி. ரெண்டு நாளு இங்க கொட்டிக்கட்டுமா?" என்றார்.

"இத்தக் கேக்கணுமா? தாராளமா கொட்டிக்குங்க" என்றார் இவர்.

கொட்டிவிட்டுத் தளத்தைக் காலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே அந்த மனிதர் சொன்னார்: "இந்த எடம் எங்கப்பாவுதுதான். இதோ இந்த மூலையிலதான் எங்க கெணறு இருந்துது." கோபமாகச் சொல்லவில்லை. அரசு எடுத்துக்கொண்ட நிலங்களில் அவருடையதும் ஒன்று. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் பாட்டுக்கு டீ போடப் போய்விட்டேன்.

காய்ந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஏற்றினார். ஒரு மூட்டையை மட்டும் ஆபீஸ் ரூம் வாசலில் சாய்த்து வைத்தார். "இது எதுக்குண்ணா?" என்றேன். "களத்துக்கும்மா" என்றார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். அடுத்தவர் களத்தில் காய வைத்தால், அள்ளும்போது களத்துக்கு என்று கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் வண்டி ஏற்றுவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். வேண்டாம் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கொடுக்கிறவருக்கு அவமானம். நானும் சந்தோஷமாக வாங்கினேன். அவித்து மெஷினில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்தேன், உருண்டை பிடித்தேன், விழுப்புரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பினேன். வருஷா வருஷம் அவர் வந்தார், காய வைத்தார், மூட்டையை வைத்துவிட்டுப் போனார். கேப்பை விளைந்த வருஷம் கேப்பை. அவரைப் பார்த்து அவர் ஊர்க்காரர்கள் இன்னும் இரண்டு மூன்று பேரும் வந்தார்கள்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பிறகு கரண்ட் கட் காலம் வந்தது. அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பகலில் எப்போது வரும், எப்போது போகும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. பைப் மெஷின் பாதியில் நின்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கல்லாக இறுகிவிடும். அதைக் குடைந்து எடுப்பதற்குள் உயிர் போய்விடும். அதனால் பகலில் மெஷினை ஓட்டுவதையே விட்டுவிட்டோம். ராத்திரியில் கரண்ட் விட்டுப்போகாமல் இருக்கிற நேரம் பார்த்து ஓட்டினோம்.

அந்த மாதிரி ஒரு மத்தியான வெயிலில்தான், அரசு நிறுவனத்தின் விழுப்புரம் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஷெட் பூட்டியிருந்தது. மெஷின் ஓடவில்லை. தளம் முழுக்க மல்லாட்டை பரந்து கிடந்தது. விவசாயியின் சம்சாரம் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது. அதிகாரி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நோட்டீஸ் வந்தது. தொழில் நடக்கவில்லை, மனை மூன்றாம் நபர்களுக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டுள்ளது, குத்தகையை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் சொல்லவும். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து தன் கையாலேயே பதில் எழுதினார். கரண்ட் இல்லாததால் பகலில் ஓட்டுவதில்லை, ஏழை விவசாயிகள் காய வைத்துக்கொள்ள மனிதாபிமானத்தில் இடம் கொடுத்தோம் என்று எழுதினார். எழுதிவிட்டு எனக்குப் படித்தும் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று நானும் தலையாட்டினேன். அடுத்து வந்தது ரத்து உத்தரவு. மூன்றாம் நபர்கள் மனையைப் பயன்படுத்துவதைக் குத்தகைதாரரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அதில் இருந்தது. அட பாவிகளா!

சென்னைக்கு ஓடினோம். ஹைகோர்ட்டில் தடை கிடைத்தது. அந்தத் தடையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச காலம் தூங்கினோம். கடைசியில், உள்குத்தகைக்கு விட்டாரா இல்லையா என்பதை சாட்சியை விசாரித்துத்தான் முடிவு செய்ய முடியும், அதற்கு இந்தக் கோர்ட் இல்லை, உங்கள் ஊர் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திண்டிவனத்தில் கேஸ் போட்டோம். வாய்தா, வாய்தா, வாய்தா. நீதிபதிகள் மாற்றலாகிப் போனார்கள், புதிதாக வந்தார்கள், திரும்ப முதலிலிருந்து கேட்டார்கள். என் வீட்டுக்காரர் தலை முழுக்க நரைத்தது அந்தக் கோர்ட் வராந்தாவில்தான். எனக்கு சர்க்கரை வந்ததும் அங்கேதான் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

எங்கள் வக்கீல் நல்ல மனிதர். ஒருநாள் பொறுமையாக உட்காரவைத்து விளக்கினார்.

"மேடம், மெஷின் ஓடினதுக்கு கரண்ட் பில்லு இருக்குது. அந்தக் குத்தம் நிக்காது. மிச்சம் உள்குத்தகை ஒண்ணுதான். பலன் எதுவும் வாங்காம, சும்மா பழக்கத்துக்கு எடம் குடுத்திருந்தா அது உள்குத்தகை ஆவாது. நீங்க எதுனா வாங்கினீங்களா?"

"ஒரு பைசா வாங்கல சார்" என்றார் இவர்.

"மாதா சத்தியமா இல்ல" என்றேன் நான்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த மூட்டை எங்கள் இரண்டு பேர் நினைப்பிலும் வரவே இல்லை. களத்துக்கு வைப்பதை வாங்கினது என்று யாராவது சொல்வார்களா? தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அதிரசம் வருகிறது, கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டு கேக் போகிறது. அதையெல்லாம் வக்கீலிடம் சொல்லிக்கொண்டா இருப்போம்?

அந்த விவசாயியையே சாட்சியாகக் கூப்பிடலாம் என்று வக்கீல் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சந்தேகம். அவர் ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை நடக்கவில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டால் நிலம் பழைய சொந்தக்காரர்களுக்கே திரும்பிவிடும் என்று. அப்படியானால் அவர் எதற்காக எங்களுக்கு சாட்சி சொல்ல வேண்டும்? மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர் வீட்டுக்கே போய் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "திருப்பிக் குடுப்பானுங்களா? அத்த நம்பறதுக்கு நான் இன்னா கொழந்தையாம்மா? இத்தினி வருஷம் உங்க களத்துல காய வெச்சி சாப்ட்டிருக்கேன். எப்ப வரணும், சொல்லுங்க, வர்றேன்."

சொன்ன நாளில் வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. என்னிடம் "பயப்படாதீங்கம்மா" என்றார். எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

கூண்டில் ஏறி நின்றார். அரசுத் தரப்பு வக்கீல் சின்ன வயசுக்காரர், குரலே உயர்த்தாமல் கேட்டார்.

"இடத்துக்காரர் உங்களுக்கு சொந்தமா?"

"இல்லீங்க."

"உங்க ஜாதியா? ஒரே ஊரா?"

"அவங்க வேதக்காரங்க. ஊரும் வேற."

"வாடகைன்னு எதுனா வாங்கினாரா?"

"அய்யய்ய, ஒரு பைசா வாங்கல. அவுரு அப்பிடிப்பட்ட மனுசன் இல்ல."

எங்கள் வக்கீல் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையாட்டினார். முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தச் சின்னப் பையன் கேட்டான்.

"அப்ப இத்தனை வருஷமா ஓசியிலதான் காய வெச்சிக்கினு இருந்தீங்க?"

அவர் முகம் மாறியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யாரு ஓசி? இன்னா சார் பேசற நீ? எங்கப்பன் நெலத்துல போயி நான் ஓசியில காய வெப்பனா? வருஷா வருஷம் களத்துக்கு ஒரு மூட்டை வெச்சிட்டுத்தான் என் மூட்டையத் தூக்குவேன். வெளஞ்சாலும் வெப்பேன், வெளையலன்னாலும் வெப்பேன். தோ, அந்தம்மாவையே கேளு, வாங்கினாங்களா இல்லியான்னு!"

கோர்ட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வக்கீல் பார்க்கவில்லை, அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போதும் ஐயா, இறங்குங்க" என்றார் அரசுத் தரப்பு வக்கீல். நீதிபதி நிதானமாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் அடித்தார். 'இடத்தைப் பயன்படுத்தியதற்காக ஆண்டுதோறும் ஒரு மூட்டை வேர்க்கடலை கொடுத்து வந்தேன்.' அவர் சொன்னது மல்லாட்டை. எழுதினது வேர்க்கடலை. ஆனால் விஷயம் அதுதான், மறுக்க முடியாது.

வெளியே டீக்கடையில் என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். விவசாயி டீ கிளாஸை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எப்பிடிம்மா? ஒரு வார்த்த பெசகலையே?"

எனக்குத் தலைக்கு ஏறியது. "வேணும்னேதான சொன்னீங்க? நெலம் திரும்பி வரும்னு ஆசப்பட்டுத்தான சொன்னீங்க? எங்க குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டீங்களே, நல்லா இருப்பீங்களா!" என்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறிவிட்டேன்.

"நானாம்மா?" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். கிளாஸில் பாதி டீ இருந்தது. அப்படியே பெஞ்சின் மேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

"மூட்டை விஷயத்த ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று வக்கீல் கேட்டார்.

"அது வாடகையா சார்?"

"உங்களுக்கு இல்ல. கோர்ட்டுக்கு அது வாடகைதான்."

அப்படித்தான் ஆயிற்று. பயன்படுத்தியதற்குப் பிரதிபலன் பெறப்பட்டிருக்கிறது, ஆகவே உள்குத்தகை, ஆகவே ரத்து செல்லும். விழுப்புரத்தில் மேல் கோர்ட்டுக்குப் போனோம். விடிகாலை பஸ் பிடித்து, அக்கா வீட்டில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவோம். அக்கா சும்மா இருக்க மாட்டாள். "அந்த மல்லாட்டைய நானும்தானடி தின்னேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு அழுதாள். அங்கேயும் தோற்றோம். சாட்சியே கூண்டில் ஏறி நின்று சொன்ன பிறகு, அந்த வாக்குமூலத்தைக் கிழித்துப் போடவா முடியும்?

மனையை ஒப்படைக்கிற அன்றைக்கு அதிகாரிகள் வந்து கேட்டில் தங்கள் பூட்டைப் போட்டார்கள். மெஷினை ஏற்கெனவே வந்த விலைக்குத் தள்ளியிருந்தோம். வீட்டை பேங்க் எடுத்துக்கொண்டது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்குக் குடிபோனோம். என் வீட்டுக்காரர் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பைப்பும் விற்றார்கள், வேறு கம்பெனி பைப். வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. நான்தான் பேசினேன். அந்த விவசாயியைப் பற்றி நினைத்தபோதெல்லாம் திட்டினேன். பாத்திரம் தேய்க்கும்போது திட்டினேன், ஜெபமாலை சொல்லி முடித்த வாயாலேயே திட்டினேன். "விடுடி, அவருக்குத் தெரியாதுடி" என்பார் இவர். "தெரியாதாம், பெரிய தெரியாது" என்பேன்.

அடுத்த மல்லாட்டை சீசனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தால், வாசலில் மொபெட் நிற்கிறது. பின்னால் ஒரு மூட்டை. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ரொம்ப இளைத்துப் போயிருந்தார்.

"இது எதுக்கு?" என்றேன். குரல் எனக்கே கொடூரமாகக் கேட்டது.

"களத்துக்கும்மா."

"எந்தக் களம்? அதான் பூட்டிட்டாங்களே!"

"ஆமா, பூட்டிக் கெடக்குது. யாருக்கும் குடுக்கல, எனக்கும் குடுக்கல. கேட்டுக்கு வெளிய ரோட்டு மேலதான் காய வெச்சேன். ரோட்டுக்கு யாருகிட்டம்மா குடுக்கறது? அதான் இங்கயே எடுத்துக்கினு வந்துட்டேன்."

என் வீட்டுக்காரர்தான் முன்னால் போய் மூட்டையை இறக்கினார். ஒரு காயை எடுத்து உடைத்துக் கடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஈரம் இருக்குதே" என்றார்.

"ரோட்டுல எங்க மொதலாளி காயுது? ஜல்தியா வாரிட வேண்டியதா இருக்குது, வண்டிங்க வுடறதில்ல." தலையைக் குனிந்துகொண்டார். ஈரக் காயைக் கொண்டுவந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கம். கோர்ட்டைப் பற்றி அவர் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. காப்பி குடிக்கச் சொன்னேன். குடித்தார், முழுசாகக் குடித்தார். அப்புறம் போய்விட்டார்.

அந்தக் காயை அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். மொட்டை மாடி வீட்டுக்காரம்மாவுடையது. கேட்டேன். "போட்டுக்கோங்களேன், மாடி சும்மாதானே இருக்குது" என்றாள். நல்ல வெயில். காலையில் பரப்பி, சாயங்காலம் கூட்டிக் குவித்து, காகத்தை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வருகிறவரை காய வைத்தேன். பிறகு அள்ளி மூட்டை கட்டி இறங்கும்போது, ஒரு படி தனியாக அளந்து வீட்டுக்காரம்மா கையில் கொடுத்தேன்.

"ஐயோ, எதுக்கு இதெல்லாம்?" என்றாள் அவள்.

"இன்னாங்க நீங்க, உங்க மாடியில ஓசியிலயா காய வெப்பேன்?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. மூட்டையை மாடிப்படியில் இறக்கி வைத்தேன். கீழே இவர் அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்டுவிட்டது. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, அந்த மனிதரைப் பார்த்து டீக்கடையில் நான் கத்திய கத்தலை நினைத்து, வாய்விட்டு அழுதேன்.